மேட்டுக்குப் போகிற ஜீப்பை இனி யார் செய்வார்கள்?

என் தம்பி ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். நான் போடியில் இருந்துகொண்டு, பூப்பாறையைத் தாண்டி இருக்கிற எங்கள் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். போனில் பேசினால் அம்மாவின் சர்க்கரை, காய் விலை, அப்புறம் வண்டி என்று பேச்சு போகும். கொஞ்ச நாளாக வண்டிப் பேச்சில் மட்டும் சண்டை வருகிறது. மஹிந்திரா போன்ற கம்பெனி இனிமேல் ரோட்டில் வேகமாகவும் நிதானமாகவும் ஓடுகிற ஸ்போர்ட்டியான எஸ்யூவிகளைத்தான் செய்யவேண்டும், காடு மேடு ஏறுகிற முரட்டு வண்டிக்குக் காலம் முடிந்துவிட்டது என்பது அவன் கட்சி. “வாங்குறவங்கள்ல முக்காவாசிப் பேரு ஃபோர் வீல் கம்பியத் தொட்டே பாத்திருக்க மாட்டாங்க அக்கா. தொடாத கம்பிக்கு எதுக்கு காசு குடுக்கணும்?” என்கிறான். நான்கு சக்கரத்தையும் இழுக்கவைக்கிற கம்பியைச் சொல்கிறான்.

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்போர்ட்டி வண்டி செய்யட்டும், நன்றாகவே செய்யட்டும். என் கவலை வேறு. ஒரு பக்கம் ஸ்போர்ட்டி, இன்னொரு பக்கம் முரட்டுத் தோற்றத்தோடு ஊருக்குள் ஓடுகிற வண்டி என்று இரண்டுக்கும் ஆள் இருக்கிறது. உண்மையில் சேற்றில் இறங்கி வேலை செய்கிற ஜீப்புக்குத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது. அதை யாராவது செய்துதான் ஆகவேண்டும். செய்யத் தெரிந்த கம்பெனிகளில் முதலில் நிற்பது மஹிந்திரா.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். தேனி மாவட்டத்து ஏலக்காய்க்காரர்களில் பாதிப் பேருக்கு வீடு தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில். போடியில் ஏல மையம் இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியில் இன்னொன்று. செடி இருப்பது இடுக்கி மாவட்டத்து மலைகளில். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடிவதற்குள் சோற்றைக் கட்டிக்கொண்டு ஜீப் ஏறுகிறார்கள். போடியிலிருந்து முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. கம்பம் பக்கத்து ஆட்கள் கம்பமெட்டு வழியாக ஏறுவார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்பி வருவார்கள். இந்தத் தொழிலே ஜீப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

போடிமெட்டிலிருந்து மூணாறு போகிற ரோட்டை இப்போது அருமையாக அகலப்படுத்திவிட்டார்கள். “ரோடுதான் நல்லா ஆயிருச்சே, இன்னும் எதுக்கு ஜீப்பு?” என்று தம்பி கேட்பது அதனால்தான். ரோடு நன்றாக ஆகியிருப்பது மெயின் ரோடு வரைக்கும். அதிலிருந்து தோட்டத்துக்குப் பிரிகிற பாதை அப்பா காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. மண், உருண்டைக் கல், நடுவே ஒரு ஓடை, கடைசியில் காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு ஏறுகிற மேடு.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. காய் எடுப்பு சூடு பிடிப்பது தென்மேற்குப் பருவமழையோடு. ஆடி, ஆவணியில் போடியில் நின்றால் காற்று மட்டும்தான், மழை மலைக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். முந்தலைத் தாண்டி ஏற ஏறத் தூறல் ஆரம்பிக்கும். போடிமெட்டைத் தாண்டினால் பத்தடிக்கு முன்னால் இருப்பது தெரியாத மூட்டம், விடாத மழை. பாதை எப்போது மிக மோசமாக இருக்கிறதோ, அப்போதுதான் ஆளும் மூட்டையும் அதிகம் போய்வர வேண்டும். பச்சைக் காயை எடுத்த அன்றைக்கே ஸ்டோரில் கழுவி உலர்த்தப் போடவேண்டும், இல்லையென்றால் நிறம் போய்விடும். நிறம் போன காய்க்கு ஏலத்தில் என்ன விலை கிடைக்கும் என்பது போடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். “இன்னிக்கு வழுக்குது, நாளைக்கு வரலாம்” என்று சொல்லவே முடியாது.

எங்களிடம் இருப்பது அப்பா வாங்கிய மஹிந்திரா எம்எம்540 ஜீப். பியூஜோ 2.1 லிட்டர் டீசல் இன்ஜின், 60 சொச்சம் குதிரைத்திறன். இன்றைக்கு ஊருக்குள் ஓடுகிற சின்ன கார்களுக்கே அதைவிட அதிகம். ஆனால் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் இருக்கின்றன. ஒன்று முன்சக்கரத்தையும் சேர்த்துவிடும். இன்னொன்று லோ. இந்த லோ என்கிற விஷயம் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும், நகரத்தில் மஹிந்திராவின் தார் ஜீப் வாங்குகிற பலருக்குத் தெரியாது என்பதால் விளக்கிவிடுகிறேன். லோ போட்டால் அதே இன்ஜின், அதே கியர், ஆனால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவாகச் சுற்றும். அந்த அளவுக்கு இழுவை கூடும். வேகத்தை விட்டுக்கொடுத்து பலத்தை வாங்கிக்கொள்கிற ஏற்பாடு இது.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் லோவின் அருமை தெரியும். மழையில் ஊறிய செம்மண் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. அப்படியே பக்கவாட்டில் நழுவி ஏலச்செடிக்குள் இறங்கும், பாதையின் அந்தப் பக்கம் செடி இல்லாத இடமாக இருந்தால் இன்னும் மோசம். லோவில் முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிட வேண்டும். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு நடை வேகத்தில் இறக்கிக் கொடுக்கும். நான் ஓட்டப் பழகியபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “கால மடக்கி வச்சுக்க. வண்டி தானா எறங்கும், நீ வளைச்சுக் குடு, அது போதும்” என்பார். பின்னால் உட்கார்ந்திருக்கிற அக்காமார்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இறங்கி முடிந்ததும் “பாப்பா நல்லா எறக்கிருச்சு” என்று ஒரு குரல் வரும். எனக்கு ஐம்பது நெருங்குகிறது, இன்னமும் அவர்களுக்கு நான் பாப்பாதான்.

இன்னொன்று சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். மஹிந்திராவின் எக்ஸ்யூவி700 மாதிரி வண்டிகளில் உடம்பும் அடிச்சட்டமும் ஒரே கூடு. எடை குறைவு, வளைவில் ஆடாது, நெடுஞ்சாலைக்கு அதுதான் சரி. ஜீப்பில் ஏணி மாதிரி ஒரு தனி இரும்புச் சட்டம், அதன்மேல் உடம்பை வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். ஒரு சக்கரம் கல்லின் மேலும் எதிர்மூலைச் சக்கரம் குழியிலும் இருக்கும்போது வண்டி முறுக்குப்படும். அந்த முறுக்கைத் தினமும், வருஷக்கணக்கில், மூட்டையோடு தாங்குவதற்கு இந்தச் சட்டத்தைத்தான் நம்பலாம். விரிசல் விட்டாலும் போடியிலேயே ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்து ஓட்டிவிடலாம். குலுக்கலைத் தாங்குகிற லீஃப் பட்டை உடைந்தால் ஒரு மதியத்தில் மாற்றிவிடுவார்கள்.

சரி, மஹிந்திரா என்ன செய்தது என்று பார்ப்போம். 1940களின் கடைசியில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை, பாகங்களை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்த கம்பெனி அது. எம்எம்540, கமாண்டர், மார்ஷல், அர்மடா என்று எங்கள் மலையில் ஓடாத மாடல் கிடையாது. 2000-இல் பொலீரோ, 2002-இல் ஸ்கார்பியோ வந்தன. 2010-இல் வந்த முதல் தாரில்கூட ஜீப்பின் எலும்பு அப்படியே இருந்தது. அதுவரை எங்களைப் போன்றவர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் பெரிய இடைவெளி இல்லை.

2020-இல் புதுத் தார் வந்தது. ஆகஸ்ட் 15 அன்று காட்டினார்கள், அக்டோபர் 2 அன்று விலை சொன்னார்கள். வண்டியாகப் பார்த்தால் அது ஒரு சாதனை என்றே சொல்வேன். 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும், 226 மில்லிமீட்டர் தரை இடைவெளி, லோ கியர் உண்டு, குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதை ஏஎக்ஸ், எல்எக்ஸ் என்று இரண்டு வரிசையாகப் பிரித்தார்கள். ஏஎக்ஸ் சாகசக்காரர்களுக்கு, எல்எக்ஸ் வாழ்க்கை பாணிக்கு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டுமே பொழுதுபோக்குக்கு. வேலைக்கு என்று ஒரு வரிசை இல்லவே இல்லை. ஏஎக்ஸ் வரிசையின் அடிமட்டத்தில், பின்னால் எதிரெதிரே உட்காருகிற ஆறு பேர் வண்டி ஒன்று, 9 லட்சத்து 80 ஆயிரத்துக்கு, இருந்தது. எங்கள் பக்கத்துக்கு ஓரளவாவது பொருந்துகிற வண்டி அது ஒன்றுதான். சில மாதங்களிலேயே அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பக்கவாட்டு இருக்கை பாதுகாப்பில்லை என்பதை நான் முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். எடுத்தது சரி. ஆனால் அதற்குப் பதிலாக முன்னோக்கிய இருக்கை போட்ட ஒரு எளிய வேலை வண்டி வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. 2023 ஜனவரியில் பின்சக்கர ஓட்டம் மட்டும் உள்ள தாரை 9 லட்சத்து 99 ஆயிரத்துக்கு விற்க ஆரம்பித்தார்கள். பார்க்க அப்படியே தார். உயரமான சக்கரம், அகன்ற மட்கார்டு, ஏணிச் சட்டம் எல்லாம் உண்டு. ஃபோர் வீல் இல்லை, அதனால் லோவும் இல்லை. மதுரையிலும் சென்னையிலும் அது பறக்கிறது. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தன் காசில் தனக்குப் பிடித்ததை வாங்குகிறார்கள். ஆனால் முரட்டு வண்டி என்பது கண்ணுக்கு மட்டும் முரடாக இருந்தால் போதும் என்று ஒரு கம்பெனி பழகிவிட்டால், அப்புறம் உள்ளே இருக்கிற சாமானை ஒவ்வொன்றாகக் கழற்றுவது சுலபமாகிவிடும்.

இதில் வரிக்கும் பெரிய பங்கு உண்டு. 2025 செப்டம்பரில் மாற்றியமைத்த ஜிஎஸ்டிப்படி 4 மீட்டர் நீளத்துக்கும் 1,500 சிசிக்கும் உட்பட்ட டீசல் காருக்கு 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். தாரின் நீளம் 4 மீட்டருக்குள் அடங்கிவிடும். பின்சக்கர ஓட்டத் தாரில் இருப்பது 1.5 லிட்டர் டீசல், ஆகவே 18. நான்கு சக்கரமும் ஓடுகிற தாரில் இருப்பது 2.2 லிட்டர் டீசல், ஆகவே 40. மேட்டுக்கு உண்மையிலேயே வேண்டிய வண்டி ஆடம்பரக் காரோடு ஒரே வரிசையில் நிற்கிறது. விவசாயத்துக்கு என்று டிராக்டருக்கு 5 சதவீதம் போடுகிறார்கள். டிராக்டர் ஏறமுடியாத மலையில் விவசாயம் பார்க்கிறவன் எதை வாங்குவான்? எங்களுக்கு ஜீப்தான் டிராக்டர். ஏல விவசாயிகள் சங்கங்கள் காய் விலைக்கும் நிலப் பட்டாவுக்கும் போராடுகிற அளவுக்கு இதையும் கையில் எடுக்கவேண்டும்.

இனி தம்பியின் கட்சி. அவனுக்கு அதில் இருக்கிற பெருமை எனக்கும் உண்டு. மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டியில் இருக்கிறது. வண்டிகளைச் சோதிக்கிற தடம் செய்யாற்றில். பிஇ 6, எக்ஸ்இவி 9இ என்ற இரண்டு மின்சார எஸ்யூவிகளை 2024 நவம்பர் 26 அன்று சென்னையில்தான் மேடையேற்றினார்கள். பிஇ 6 நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 6.7 விநாடியில் தொடும். ஃபார்முலா இ என்கிற மின்சார கார் பந்தயத்தில் 2014-இல் முதல் சீசனிலிருந்தே இருக்கிற கம்பெனி. கார் வடிவமைப்பில் பேர்போன இத்தாலியின் பினின்ஃபரீனாவை வாங்கிய கம்பெனி. “நம்ம ஊர்ல உக்காந்து நம்ம பசங்க வரைஞ்ச வண்டி அக்கா, உலகத்துல யார்கிட்டயும் தலைகுனிய வேண்டியதில்ல” என்று அவன் சொல்லும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

அவனோடு எக்ஸ்யூவி700-இல் மதுரையிலிருந்து சென்னைக்குப் போயிருக்கிறேன். திருச்சி வந்ததே தெரியவில்லை. லாரியைத் தாண்டும்போது அந்த 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் கொடுக்கிற 200 குதிரைத்திறன், வளைவில் சாயாமல் நிற்கிற உடம்பு, பின்னால் அம்மா நிம்மதியாகத் தூங்கியது, எல்லாமே அருமை. எங்கள் ஜீப்பில் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்களுக்கு நெடுஞ்சாலை வண்டிதான் வேண்டும், அதுதான் பாதுகாப்பும்கூட. உயரமான, கனமான, ஏணிச் சட்டம் போட்ட வண்டியை 120-இல் விரட்டுவது நல்லதில்லை. அந்த வகையில், ஏணிச் சட்டம் போட்ட ஸ்கார்பியோ-என் எடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்க நான்குவழிச் சாலையில் மட்டும் ஓட்டப்போகிறவர்களுக்கு எக்ஸ்யூவி700 இன்னும் நல்ல தேர்வு என்று நானே சொல்லியிருக்கிறேன்.

முரட்டு வண்டி விற்காது என்பதற்கு அவன் காட்டுகிற சாட்சி மாருதி. 2023 ஜனவரியில் கிரேட்டர் நொய்டா ஆட்டோ எக்ஸ்போவில் ஒரே நாளில் இரண்டு வண்டியைத் திரை விலக்கினார்கள். ஒன்று ஃபிராங்ஸ், பின்பக்கம் கூபே மாதிரி சரிகிற ஸ்போர்ட்டித் தோற்றம். மற்றொன்று ஐந்து கதவு ஜிம்னி, ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் முழு அச்சு, லோ கியர், ஒன்றும் குறையில்லை. ஃபிராங்ஸ் தெருவுக்குத் தெரு ஓடுகிறது. ஜிம்னியை இங்கே தேடித்தான் பார்க்கவேண்டும்.

ஜிம்னி எங்கள் பக்கம் எடுபடாததற்குக் காரணம் அதன் முரட்டுத்தனம் இல்லை. நான்கு பேர்தான் உட்காரலாம். பின்னால் மூட்டை போட இடம் கிடையாது. டீசல் கிடையாது. 2023-இல் வந்தபோது ஆரம்ப விலை 12 லட்சத்து 74 ஆயிரம். பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசியைத் தாண்டுவதால் அதற்கும் அதிக வரிதான். வேலைக்கு வாங்குகிறவன் சின்னதாக இருக்கிறதே என்று விட்டான், பார்வைக்கு வாங்குகிறவன் தார் இதைவிடக் கம்பீரம் என்று அங்கே போனான். நடுவில் மாட்டிக்கொண்டது நல்ல வண்டி. மாருதியின் குருகிராம் தொழிற்சாலையில் செய்த இதே ஐந்து கதவு ஜிம்னியை 2025 ஜனவரி கடைசியில் ஜப்பானில் நோமேட் என்ற பெயரில் அறிவித்தார்கள். மாதம் 1,200 விற்றால் போதும் என்று நினைத்திருந்த இடத்தில் நான்கே நாளில் 50,000 ஆர்டர் குவிந்து, பதிவையே நிறுத்தவேண்டி வந்தது. ஆகவே முரட்டு வண்டிக்கு ஆளில்லை என்பது சரியில்லை. யாருக்கு, எத்தனை பேருக்கு, என்ன விலைக்கு என்பதைப் பார்த்துச் செய்யவேண்டும்.

டொயோட்டாவைப் பாருங்கள். 1984-இல் வந்த லேண்ட் குரூசர் 70 வரிசையை இன்றும் செய்கிறார்கள். ஆஸ்திரேலியச் சுரங்கங்களிலும் பண்ணைகளிலும் ஆப்பிரிக்காவில் நிவாரணப் பணிகளிலும் அதுதான் ஓடுகிறது. அதே கம்பெனிதான் ஜிஆர் யாரிஸ் என்று ரேலி பந்தயத்து ரத்தம் ஓடுகிற ஒரு குட்டிப் பேயையும் செய்கிறது. 2023 கடைசியில் தாய்லாந்தில் ஹைலக்ஸ் சாம்ப் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வெறும் கேபின், பின்னால் தட்டையான தளம், மேலே என்ன வேண்டுமோ அவரவர் கட்டிக்கொள்ளலாம். ஒரு கம்பெனியால் ஸ்போர்ட்டியும் வேலை வண்டியும் சேர்ந்து செய்யமுடியுமா என்ற கேள்விக்கு இதற்குமேல் பதில் வேண்டியதில்லை.

மஹிந்திராவும் செய்திருக்கிறது, இங்கே இல்லை, அமெரிக்காவில். 2018-இல் மிச்சிகன் மாநிலத்தில் ராக்ஸர் என்று ஒரு வண்டியை வெளியிட்டார்கள். நம் பழைய ஜீப்பின் உடம்பு, இரும்புச் சட்டம், 2.5 லிட்டர் டீசல், கையால் போடுகிற கியர். பொதுச் சாலைக்கு இல்லை, பண்ணைக்கும் காட்டுக்கும் மட்டும். தோற்றம் தங்கள் ஜீப்பைப் போல இருக்கிறது என்று ஃபியட் கிரைஸ்லர் வழக்குப் போட்டது, பிறகு தோற்றத்தை மாற்றினார்கள். வழக்கு கிடக்கட்டும். அமெரிக்க விவசாயிக்கு வைக்கோல் கட்டு இழுக்க ஒரு எளிய ஜீப் வேண்டும் என்று புரிந்துகொண்டவர்களுக்கு, போடியிலும் கட்டப்பனையிலும் அதே தேவை இருப்பது புரியாமல் போகாது என்றுதான் நம்புகிறேன்.

பழைய ஜீப்பை அப்படியே திரும்பக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும். எங்கள் மலையில் ஆள் ஏற்றிப் போகிற ஜீப்கள் கவிழ்ந்து செத்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. விடிகாலை அவசரம், அளவுக்கு மீறிய ஆட்கள், பெல்ட் இல்லாத பக்கவாட்டுப் பலகை, மேலே வெறும் படுதா. வண்டி ஒரு உருண்டு உருண்டால் உள்ளே இருப்பவர்களைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே கிடையாது. பறக்கும் படை பிடித்து அபராதம் போட்டால் ஒரு வாரம் ஆள் குறையும், அப்புறம் பழைய கதை. பாதுகாப்பான வேலை வண்டி கடையில் கிடைக்காதவரை இது மாறாது. நட்சத்திரம் வாங்கிய வண்டிகள் எல்லாம் ரோட்டில் போகிற குடும்பங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டன. தினமும் இரண்டு வேளை மலை ஏறி இறங்குகிற பெண்களுக்கு மட்டும் 30 வருஷத்துக்கு முந்தைய தகரம்.

நான் கேட்பது இதுதான். தாரின் அதே சட்டம், அதே லோ கியர். நீளத்தைக் கூட்டி, டிரைவரோடு சேர்த்து ஒன்பது பேர், எல்லா இருக்கையும் முன்னோக்கி, எல்லாவற்றுக்கும் பெல்ட். இரும்புக் கூரை, அதற்குள் உருண்டாலும் நசுங்காத கூண்டு. தொடுதிரை வேண்டாம், அலாய் சக்கரம் வேண்டாம், சேற்றைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிடுகிற மாதிரி தரை போதும். இரண்டு பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலுக்குப் பூட்டு கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தரையில் இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். ஃபோர்ஸ் கம்பெனியின் குர்காவில் முன் பின் இரண்டுக்குமே பூட்டு இருக்கிறது, ஐந்து கதவு மாடலில் ஏழு பேர் போகலாம். குறிப்பறிந்து செய்த வண்டிதான். ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை.

டீசலில் இப்போது இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற ஒரு வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் சூடாக ஓடவேண்டும். தோட்டத்துக்குள்ளேயே முதல், இரண்டாம் கியரில் நாள் முழுக்க ஊர்ந்தால் வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். புகை குறைவது நல்லதுதான், அந்த மூட்டத்தில் புகையை முகர்ந்துகொண்டு நடப்பவர்கள் எங்கள் ஆட்கள்தான். அதனால்தான் தம்பியின் மின்சார வண்டிகளைப் பார்த்து எனக்கு வேறு ஒரு ஆசை வருகிறது. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கிடைப்பது மேடு ஏறுவதற்கு வரம். இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தும், அந்த நேரத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரமும் திரும்பும். ஜீப் தினமும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடும், பெரிய பேட்டரிகூட வேண்டாம். 2023-இல் தார்.இ என்று ஒரு மாதிரி வண்டியைக் கேப் டவுனில் காட்டினார்கள். அந்தத் தொழில்நுட்பம் முதலில் எங்கள் மலைக்கு வரட்டும். 6.7 விநாடி எங்களுக்கு வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 15 அன்று மஹிந்திரா விஷன்.டி, விஷன்.எஸ் உட்பட நான்கு மாதிரி வண்டிகளை மும்பையில் காட்டியது. விஷன்.டி பார்க்கத் தாருக்கு வாரிசு போலவே இருக்கிறது. அடியில் இருப்பது என்யு_ஐக்யூ என்ற புது அடித்தளம், ஒரே கூடு, ஏணிச் சட்டம் இல்லை. லேண்ட் ரோவர் டிஃபெண்டரும் இப்படித்தான் 2016-இல் பழைய சட்டத்தோடு நின்று, சில வருஷம் கழித்து வழவழப்பான பெரிய வண்டியாகத் திரும்பி வந்தது. இன்றைக்கு அதை வாங்குகிற விவசாயி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. விஷன்.டி நல்ல காராகவே வரட்டும். அது வந்துவிட்டது என்பதற்காகத் தாரின் சட்டத்தை மூட்டை கட்டிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

தம்பி இதைப் படித்ததும் போன் பண்ணி, “போடிக்கும் கம்பத்துக்குமா ஒரு மாடல் போடுவான் அக்கா?” என்று கேட்பான். போடிக்கும் கம்பத்துக்கும் மட்டும் இல்லை. வால்பாறை, கூடலூர், வயநாடு, குடகு என்று மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கத் தோட்டம்தான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகிற டிரைவர்களும் ஓட்டுவது பழைய ஜீப்களைத்தான், அந்தக் கல் பாதையில் வேறு எதுவும் ஏறாது. உத்தரகாண்டிலும் அருணாச்சலத்திலும் இதே பிழைப்புதான். வனத்துறை, மழையில் கம்பி அறுந்தால் ஓடுகிற மின்வாரியத்து ஆட்கள், தடுப்பூசிப் பெட்டியோடு மலைவாழ் மக்களின் குடியிருப்புகளுக்குப் போகிற நர்ஸம்மாக்கள், இவர்களுக்கும் வண்டி வேண்டும். இதை ஒரு சந்தையாகக் கணக்குப் போட்டுப் பார்க்க அவன் வேலை பார்க்கிற இடத்தில் ஆள் இருப்பார்கள். போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.